கொமடோர் 64-உம் 1541 டிரைவும்: எடிட்டரில் சேமித்த கோப்பு கெடாமல் இருக்க, கெட்டால் மீட்க

கொமடோர் 64 என்ற 1980-களின் வீட்டுக் கணினியில் கடிதமோ கட்டுரையோ தட்டி டிஸ்கில் சேமிப்பவர்களுக்கு வரும் இழப்புகளில் பல ஒரே தவறான நம்பிக்கையால் வருபவை. திரையில் "ரெடி" என்று வந்துவிட்டது, ஆகவே சேமித்தாகிவிட்டது என்பதுதான் அது. 1982-இல் வந்த 1541 என்ற இந்த ஃப்ளாப்பி டிஸ்க் டிரைவுக்குள் தனி 6502 செயலி, 2 கிலோபைட் நினைவகம், டிஸ்கை நிர்வகிக்கும் 16 கிலோபைட் நிரந்தர நிரல் எல்லாம் இருக்கின்றன. அதாவது மேசைமேல் இரண்டு கணினிகள், நடுவில் ஒரு மெல்லிய சீரியல் கம்பி. கணினி தன் பங்கை அனுப்பி முடித்ததும் "ரெடி" சொல்லிவிடும். டிஸ்கில் ஏறியதா இல்லையா என்பது டிரைவுக்கு மட்டுமே தெரியும். டிரைவோ கேட்டால்தான் சொல்லும்.

கீழே கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். விசைப்பலகையில் அந்தந்த ஆங்கிலச் சொல்லை, எழுத்தைத் தட்டுங்கள். எண்கள், காற்புள்ளி, முக்காற்புள்ளி எல்லாம் அப்படியே வர வேண்டும்.

முதலில்: டிரைவிடம் கேட்கும் முறை

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இதுதான்.

10 ஓப்பன் 15,8,15
20 இன்புட்#15,ஏ$,பி$,சி$,டி$
30 பிரிண்ட் ஏ$;" ";பி$;" ";சி$;" ";டி$
40 குளோஸ் 15

வரி எண் இல்லாமல் நேரடியாக இன்புட்# போட்டால் "இல்லீகல் டைரக்ட்" என்று மறுத்துவிடும். சிறு நிரலாகத்தான் ஓட்ட வேண்டும். இன்புட் என்ற சொல்லுக்கும் # குறிக்கும் நடுவே இடைவெளி விட்டால் சின்டாக்ஸ் எரர். பிரிண்ட்# எழுதும்போது பிரிண்டுக்குச் சுருக்கமாகக் கேள்விக்குறி போடும் பழக்கமும் இங்கே செல்லாது.

வருவது நான்கு விவரங்கள்: பிழை எண், செய்தி, டிராக் (டிஸ்கின் வட்டப் பாதை), செக்டர் (அந்தப் பாதையின் ஒரு துண்டு). "00, ஓகே,00,00" வந்தால் சேமிப்பு நன்றாக முடிந்தது. "73, சிபிஎம் டாஸ் வி2.6 1541" வந்தால் பயப்பட வேண்டாம், டிரைவை இப்போதுதான் போட்டிருக்கிறீர்கள், தன் பெயரைச் சொல்கிறது. "01, ஃபைல்ஸ் ஸ்கிராட்ச்டு" என்பதும் பிழை அல்ல. அழித்த கோப்புகளின் எண்ணிக்கை அதன் மூன்றாவது இடத்தில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எடிட்டரில் சேமிக்காத எழுத்து இருக்கும்போது வெளியே வந்து இந்த நிரலைத் தட்டாதீர்கள். எடிட்டர் இருக்கும் இடத்திலேயே புது நிரல் உட்கார்ந்து எழுத்தை அழித்துவிடலாம். நல்ல எடிட்டர்கள் உள்ளிருந்தே டிரைவிடம் பேச வழி வைத்திருக்கும். ஸ்பீட்ஸ்கிரிப்ட் என்ற எடிட்டரில் கண்ட்ரோல் விசையோடு மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் டிஸ்க் கட்டளை கேட்கும். வெறுமனே ரிட்டர்ன் அழுத்தினால் டிரைவின் நிலை திரையில் வரும். உங்கள் எடிட்டரில் இந்த விசை எது என்பதை, எழுதத் தொடங்கும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

"சேமித்தேன், டிரைவின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது"

சிமிட்டினால் பிழை, அணையாமல் நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு கோப்பு இன்னும் திறந்திருக்கிறது. சிமிட்டும்போது டிரைவ் எதையும் அழித்துவிடவில்லை, காத்திருக்கிறது. எழுத்து கணினியின் நினைவில்தான் இருக்கிறது, பதற்றத்தில் கணினியை அணைக்காதவரை. நிலையைக் கேளுங்கள்.

63 வந்தால் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது. வேறு பெயர் கொடுங்கள். இது தொல்லை அல்ல, பாதுகாப்பு. அடுத்த பகுதியைப் படித்தால் ஏன் என்று புரியும்.

26 வந்தால் எழுதத் தடை. ஐந்தேகால் அங்குல டிஸ்கின் ஓரத்தில் உள்ள சதுர வெட்டு மூடியிருந்தால் எழுதாது, திறந்திருந்தால் எழுதும். மூன்றரை அங்குல டிஸ்கில் பழகியவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வார்கள். டிஸ்கைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் எழுதப் பார்த்தாலும் இதே 26 வரும், அந்தப் பக்கத்துக்கு இன்னொரு வெட்டு வேண்டும்.

33 வந்தால் பெயரில் * அல்லது ? இருக்கிறது. கோப்பைத் தேடும்போது அவை செல்லும், எழுதும்போது செல்லாது. பெயர் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. காற்புள்ளி, முக்காற்புள்ளி, சமக்குறி ஆகியவற்றையும் தவிருங்கள். டிரைவ் அவற்றைக் கட்டளையின் பகுதியாகப் படிக்கும்.

74 வந்தால் டிரைவில் டிஸ்க் இல்லை, அல்லது கதவு மூடவில்லை, அல்லது டிஸ்க் இன்னும் ஃபார்மட் செய்யப்படவில்லை.

"பழைய கோப்பின்மேலேயே சேமித்தேன். இப்போது வேறொரு கோப்பைத் திறந்தால் அதில் இந்த எழுத்து இருக்கிறது"

இதுதான் 1541-இன் பெயர்பெற்ற பிழை. கட்டளை இது:

சேவ் "@0:லெட்டர்",8

முன்னால் போடும் @ குறி, இருக்கும் கோப்பை மாற்றி எழுது என்கிறது. நூறு முறை சரியாக வேலை செய்யும். நூற்றியோராவது முறை புதிய கோப்பு உடைந்திருக்கும், அல்லது தொடர்பே இல்லாத இன்னொரு கோப்பின் நடுவே உங்கள் வரிகள் உட்கார்ந்திருக்கும். எப்போதாவது மட்டும் நடப்பதால் அப்படி ஒரு பிழையே இல்லை, உங்கள் டிஸ்க்தான் சரியில்லை என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1980-களின் நடுவில் டிரைவின் நிரலை வரிவரியாகப் பிரித்துப் பார்த்த பிறகே அது ஓய்ந்தது.

காரணம் இடநெருக்கடி. டிரைவின் 2 கிலோபைட் நினைவகத்தில் 256 பைட் அளவுள்ள சில பஃபர்கள் (தற்காலிகத் தேக்கிடங்கள்) மட்டுமே உண்டு. சாதாரணச் சேமிப்புக்கு அவை போதும். மாற்றி எழுதும்போது பழைய கோப்பின் விவரத்தையும் புதியதையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டும். பஃபர் பற்றாதபோது, பயன்பாட்டில் இருக்கும் ஒன்றைப் பறித்துக்கொள்ளும் பகுதியில் தவறு இருந்தது. அதனால் ஒரு செக்டரில் போக வேண்டியதற்குப் பதில் வேறு பஃபரில் இருந்தது எழுதப்பட்டுவிடும். இந்த நிரல் இரட்டை டிரைவுகளுக்காக எழுதியதிலிருந்து வந்தது. பெயருக்கு முன் "0:" விட்டுவிட்டால், இல்லாத இரண்டாவது டிரைவுக்கும் இடம் ஒதுக்கப் பார்க்கும். நெருக்கடி இன்னும் கூடும். ஆகவே எந்தக் கட்டளையிலும் 0: எழுதும் பழக்கம் நல்லது. அதுவே முழுக் காப்பு என்று மட்டும் எண்ண வேண்டாம்.

பின்னாளில் வந்த 1541-2 போன்றவற்றின் நிரலில் இதைத் திருத்தினார்கள். ஆனால் பெட்டியின் வெளியே பார்த்து உள்ளே எந்தப் பதிப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது, பலர் சிப்பை மாற்றியும் இருக்கிறார்கள். எமுலேட்டரில் (இன்றைய கணினியில் பழைய கணினியைப் போல நடக்கும் மென்பொருள்) டிரைவையும் முழுமையாகப் பின்பற்றும் அமைப்பை இயக்கினால் பழைய நிரலே ஓடுகிறது, அதனால் பிழையும் கூடவே வரும். எங்கள் கருத்து: @ குறியை மறந்துவிடுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஸ்பீட்ஸ்கிரிப்டில் @ போட்டால் அது டிரைவின் கட்டளையைப் பயன்படுத்தாது. பழையதை முதலில் அழித்துவிட்டு, பிறகு சாதாரணமாகச் சேமிக்கும். பிழையிலிருந்து தப்பிவிடுவீர்கள். ஆனால் அழித்ததற்கும் சேமித்ததற்கும் நடுவில் மின்சாரம் போனால் டிஸ்கில் ஒன்றும் இருக்காது.

பாதுகாப்பான வரிசை இது. எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் டிஸ்கில் ஒரு நல்ல பிரதி இருக்கும்.

1. புதிய பெயரில் சேமியுங்கள்: "0:லெட்டர்.நியூ".
2. நிலையைக் கேளுங்கள். 00 வந்தால் மட்டும் மேலே போங்கள்.
3. சரிபாருங்கள். பேசிக் (கணினியோடு வரும் நிரல்மொழி) நிரல் என்றால் வெரிஃபை "0:லெட்டர்.நியூ",8, ஸ்பீட்ஸ்கிரிப்டில் கண்ட்ரோலும் வி-யும். நினைவில் உள்ளதையும் டிஸ்கில் உள்ளதையும் இது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்.
4. முந்தைய காப்புப் பிரதியை அழியுங்கள்: "எஸ்0:லெட்டர்.பேக்".
5. இருப்பதைக் காப்பு ஆக்குங்கள்: "ஆர்0:லெட்டர்.பேக்=லெட்டர்". புதுப் பெயர் இடப்பக்கம், பழையது வலப்பக்கம்.
6. புதியதற்கு அசல் பெயர்: "ஆர்0:லெட்டர்=லெட்டர்.நியூ".

பெயர் மாற்றம் டைரக்டரியில் சில எழுத்துகளை மட்டுமே தொடுகிறது, நேரம் பிடிக்காது. இந்தக் கட்டளைகளை பேசிக்கிலிருந்து அனுப்ப: ஓப்பன் 15,8,15,"எஸ்0:லெட்டர்.பேக்": குளோஸ் 15. எடிட்டருக்குள் இருந்தால் மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் தட்டினால் போதும்.

இத்தனை படி சலிப்பாக இருந்தால் அதைவிட எளியது, லெட்டர்01, லெட்டர்02 என்று எண் கூட்டிக்கொண்டே போவது. டிஸ்க் நிரம்பும்போது பழைய எண்களை ஒவ்வொன்றாக அழித்தால் போதும். "எஸ்0:லெட்டர்*" மட்டும் போட்டுவிடாதீர்கள், அது லெட்டர் என்று தொடங்கும் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் துடைத்துவிடும்.

"டைரக்டரியில் கோப்பின் வகைக்கு முன்னால் நட்சத்திரம், அளவு 0"

"0 லெட்டர் *எஸ்இக்யூ" என்று தெரிந்தால் (எஸ்இக்யூ என்பது கோப்பின் வகை) கோப்பு திறந்த நிலையிலேயே நின்றுபோயிருக்கிறது. எழுதும்போது மின்சாரம் போனது, ரன்/ஸ்டாப்போடு ரெஸ்டோரை அழுத்தியது, விளக்கு எரியும்போதே டிஸ்கை உருவியது, டிஸ்க் நிரம்பியது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஒவ்வொரு செக்டரின் 256 பைட்டில் முதல் இரண்டும் அடுத்த செக்டர் எங்கே என்று சுட்டுபவை. மீதி 254 உங்கள் எழுத்து. கோப்பை மூடும்போதுதான் கடைசித் துண்டு டிஸ்கில் ஏறும், அளவு டைரக்டரியில் பதியும், எந்தச் செக்டர்கள் நிரம்பின என்ற பட்டியலும் எழுதப்படும். மூடவில்லை என்றால் இந்த மூன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன் எழுதிய செக்டர்கள் டிஸ்கில் இருக்கின்றன.

இங்கே இரண்டு காரியம் செய்யவே கூடாது.

ஒன்று, எஸ்0: போட்டு அழிப்பது. டிரைவ் சங்கிலியைப் பின்தொடர்ந்து செக்டர்களை விடுவித்துக்கொண்டே போகும். கடைசியாக எழுதிய செக்டரோ, இன்னும் எழுதப்படாத செக்டரைச் சுட்டுகிறது. அதில் என்றோ இருந்த பழைய கோப்பின் மிச்சம் இருக்கும். அதன் சுட்டியைப் பிடித்துக்கொண்டு டிரைவ் உயிரோடு இருக்கும் வேறு கோப்பின் செக்டர்களையும் காலி என்று குறித்துவிடலாம். உடனே ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் எதையோ சேமிக்கும்போது அந்த நல்ல கோப்பு சத்தமில்லாமல் சிதையும்.

இரண்டு, மீட்பதற்கு முன் அந்த டிஸ்கில் வேறு எதையும் எழுதுவது. உங்கள் எழுத்து இருக்கும் செக்டர்கள் காலி என்றே பட்டியலில் இருக்கக்கூடும்.

மீட்க, சாதாரணமாகப் படிக்கும் முறையில் திறந்தால் 60 என்று மறுக்கும். எம் என்ற முறையில் திறந்தால் மூடாத கோப்பையும் படிக்கலாம். முதலில் எல்லாவற்றையும் கணினி நினைவுக்கு எடுத்து, பிறகு வேறு டிஸ்கில் எழுதும் நிரல் இது:

10 போக் 55,0: போக் 56,64: சிஎல்ஆர்
20 ஓப்பன் 15,8,15
30 ஓப்பன் 2,8,2,"0:லெட்டர்,எஸ்,எம்"
40 என்=16384
50 கெட்#2,ஏ$: எஸ்=எஸ்டி: இஃப் ஏ$="" தென் ஏ$=சிஎச்ஆர்$(0)
60 போக் என்,ஏஎஸ்சி(ஏ$): என்=என்+1: பிரிண்ட் ஏ$;
70 கெட் கே$: இஃப் கே$="" அண்ட் எஸ்=0 அண்ட் என்<40960 தென் 50
80 குளோஸ் 2: குளோஸ் 15
90 பிரிண்ட்: பிரிண்ட் "வேறு டிஸ்க்"
100 கெட் கே$: இஃப் கே$="" தென் 100
110 ஓப்பன் 15,8,15,"ஐ0:"
120 ஓப்பன் 3,8,3,"0:மீட்பு,எஸ்,டபிள்யூ"
130 ஃபார் ஐ=16384 டு என்-1: பிரிண்ட்#3,சிஎச்ஆர்$(பீக்(ஐ));: நெக்ஸ்ட்
140 குளோஸ் 3: குளோஸ் 15

வரி 90, 120-இல் உள்ள தமிழ்ச் சொற்களுக்குப் பதில் உங்களுக்குப் பிடித்த ஆங்கிலச் சொல்லைத் தட்டுங்கள். எழுத்து திரையில் ஓடும்போது கண்ணை எடுக்காதீர்கள். உங்கள் கடைசி வாக்கியம் முடிந்து சம்பந்தமில்லாத குப்பை வரத் தொடங்கும். அதுதான் மேலே சொன்ன பழைய மிச்சம். அந்த இடத்தில் ஏதாவது ஒரு விசையை அழுத்தி நிறுத்துங்கள். விட்டால் அது வட்டமாகச் சுற்றிக்கொண்டே கூட இருக்கலாம். 24,576 எழுத்துகள் வரை இந்த நிரல் தாங்கும். கடைசி 254 எழுத்துகள் வரை, சில நேரம் அதற்கும் கொஞ்சம் மேலாக, திரும்பாது. அதை மறுபடி தட்டத்தான் வேண்டும். எடிட்டர் தன் கோப்புகளை பிஆர்ஜி (நிரல்) வகையாகச் சேமிக்கும் என்றால் (ஸ்பீட்ஸ்கிரிப்ட் அப்படித்தான்) வரி 30-இலும் 120-இலும் எஸ் என்பதை பி ஆக்குங்கள். அப்போது திரையில் ஓடும் எழுத்து புரியாத குறிகளாகத் தெரியலாம், ஏனென்றால் அந்த எடிட்டர் திரைக்குறியீட்டிலேயே சேமிக்கிறது. நிறுத்தும் இடத்தை அப்போது குத்துமதிப்பாகத்தான் முடிவு செய்ய முடியும். கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, எடிட்டரில் திறந்து வாலை வெட்டுங்கள்.

மீட்பு டிஸ்கில் 00 வந்து, கோப்பையும் திறந்து பார்த்த பிறகு, பழைய டிஸ்கைச் சுத்தம் செய்யலாம்: ஓப்பன் 15,8,15,"வி0:": குளோஸ் 15. இது எல்லாக் கோப்புகளின் சங்கிலியையும் நடந்து பார்த்துப் பட்டியலைப் புதிதாக எழுதும், நட்சத்திரக் கோப்புகளை முறையாக நீக்கும். ஜியோஸ் (கொமடோர் 64-க்கான ஒரு வரைகலை இயங்குதளம்) டிஸ்கில் மட்டும் இந்த வி0: வேண்டாம். ஜியோஸ் கோப்புகளின் அமைப்பு டிரைவின் நிரலுக்குப் புரியாது, அவற்றின் செக்டர்களைக் காலி என்று விடுவித்துவிடும். ஜியோஸுக்குள்ளேயே அதற்கான கட்டளை இருக்கிறது.

"பேசிக்கில் எழுதிய எடிட்டர், சேமிக்கும் நடுவில் பிழை காட்டி நின்றுவிட்டது"

நின்ற நேரத்தில் எழுத்தெல்லாம் மாறிகளில் பத்திரமாக இருக்கிறது. ரன் என்று தட்டினால் போச்சு, மாறிகள் காலி. பிழை உள்ள வரியைத் திருத்தி ரிட்டர்ன் அழுத்தினாலும் அதே கதிதான். கூடவே திறந்திருக்கும் கோப்புகளைக் கணினி மறந்துவிடும், டிரைவுக்கு மூடு என்ற செய்தி போகாது, டிஸ்கில் ஒரு நட்சத்திரம் பிறக்கும்.

முதலில் இதைத் தட்டுங்கள்:

குளோஸ் 15: ஓப்பன் 15,8,15: குளோஸ் 15

கட்டளை வழியை மூடினால் டிரைவ் தன்னிடம் திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளையும் ஒழுங்காக மூடும், சிவப்பு விளக்கும் அணையும். பிறகு எடிட்டரின் முதன்மைப் பட்டியல் (மெனு) எந்த வரியில் தொடங்குகிறது என்று லிஸ்ட் போட்டுப் பார்த்து, கோட்டூ கட்டளையால் அங்கே போங்கள். கோட்டூ மாறிகளைத் தொடாது. வேறு டிஸ்க், வேறு பெயர் என்று மறுபடி சேமியுங்கள். நிரலைத் திருத்துவது அதற்குப் பிறகுதான்.

"எல்லாம் உறைந்துவிட்டது, விளக்கு மட்டும் எரிகிறது"

அவசரப்படாதீர்கள். 1541 மெதுவானது, நொடிக்கு ஏறத்தாழ 400 பைட். நீளமான கட்டுரை ஒரு நிமிடம்கூட எடுக்கும். பேசிக் எடிட்டர் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. இந்த பேசிக், பயன்படாத சரங்களை (எழுத்துத் தொடர்களை) திரட்டி இடம் மீட்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஆயிரக்கணக்கான சரங்கள் இருந்தால் அது நிமிடக்கணக்கில் போகும். செத்துப்போன கணினி போலவே தோன்றும். ரன்/ஸ்டாப் கூட உடனே கேட்காது. பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் தானே எழுந்துவரும்.

அதற்கும் அசையவில்லை என்றால் மின் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கொமடோர் 64-உடன் வந்த, பிசின் ஊற்றி மூடிய கறுப்பு அடாப்டர் முதுமையில் 5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கத் தொடங்கும். முதலில் கணினி இப்படி உறையும், பின்பு நினைவக சிப்புகள் கருகும். பழைய அடாப்டரை இன்னும் பயன்படுத்துகிறவர் இன்றே புதியது வாங்கலாம், கோப்பைவிட கணினி பெரிது.

எடிட்டரிலிருந்து தவறி பேசிக்குக்கு வந்துவிட்டால் வேறெதையும் தட்டாமல் ரன் மட்டும் போட்டுப் பாருங்கள். ஸ்பீட்ஸ்கிரிப்ட் போன்ற இயந்திர மொழி எடிட்டர்களில் எழுத்து அப்படியே இருக்கும். மேலே பேசிக் எடிட்டருக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள்.

"72, டிஸ்க் ஃபுல்"

ஒரு டிஸ்கில் உங்களுக்குக் கிடைப்பது 664 பிளாக்குகள் (பிளாக் என்பது ஒரு செக்டர்), 144 கோப்புகள். இரண்டில் எது முடிந்தாலும் 72 வரும். கணக்கு எளிது: எழுத்துகளின் எண்ணிக்கையை 254-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்குங்கள். 24,000 எழுத்துகள் என்றால் 95 பிளாக். @ போட்டு மாற்றி எழுதினாலும் புதியதற்கு முழு இடமும் காலியாக இருக்க வேண்டும், பழையது போவது புதியது ஏறிய பிறகே. 72 வந்த கோப்பு நட்சத்திரமாக நிற்கும். எழுத்து கணினியில் இன்னும் இருந்தால் மீட்பு வேலை தேவையே இல்லை. புது டிஸ்கைப் போட்டுச் சேமித்துவிட்டு, பழையதில் வி0: ஓட்டினால் முடிந்தது.

புது டிஸ்கை எழுதத் தொடங்கும் முன்பே ஃபார்மட் செய்து வைத்திருங்கள்: ஓப்பன் 15,8,15,"என்0:பெயர்,01": குளோஸ் 15. ஒன்றரை நிமிடம் போல ஆகும்.

"டிஸ்கை மாற்றிச் சேமித்தேன், இரண்டாவது டிஸ்கில் கோப்புகள் கலந்துவிட்டன"

மேலே உள்ள கட்டளையில் 01 என்று இருப்பதுதான் டிஸ்கின் அடையாள எண். இரண்டு எழுத்து. டிரைவ் டிஸ்க் மாறியதை முக்கியமாக இதை வைத்தே கண்டுபிடிக்கிறது. எல்லா டிஸ்குக்கும் 01 என்றே கொடுத்திருந்தால், முதல் டிஸ்கின் காலியிடப் பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டே இரண்டாவதில் எழுதும். அங்கே நிரம்பியிருக்கும் செக்டர்கள் காலி என்று கருதப்படும். ஒவ்வொரு டிஸ்குக்கும் வேறு வேறு எண் கொடுத்து உறைமேல் எழுதுங்கள். அடையாளம் ஒன்றான டிஸ்குகள் ஏற்கெனவே இருந்தால், மாற்றும் ஒவ்வொரு முறையும் "ஐ0:" (டிஸ்கைப் புதிதாகப் படி என்ற கட்டளை) அனுப்புங்கள். கலந்துபோன டிஸ்கில் இனி எழுதாமல், எந்தெந்தக் கோப்பு திறக்கிறதோ அவற்றை வேறு டிஸ்குக்கு நகர்த்தி, பழையதைப் புது எண்ணோடு ஃபார்மட் செய்வதே நல்லது.

"தவறி அழித்துவிட்டேன்"

அதன்பின் எதையும் எழுதவில்லை என்றால் திரும்பும். அழிப்பது டைரக்டரியில் கோப்பின் வகை பைட்டை 0 ஆக்குகிறது, செக்டர்களைக் காலி என்று குறிக்கிறது, அவ்வளவுதான். டிஸ்க் எடிட்டர் நிரல் ஒன்றால் டிராக் 18, செக்டர் 1-இலிருந்து பெயரைத் தேடுங்கள். ஒவ்வொரு பதிவும் 32 பைட். 0-இலிருந்து எண்ணினால் 2-ஆம் பைட் வகை. எஸ்இக்யூ என்றால் 129, பிஆர்ஜி என்றால் 130 என்று மாற்றி எழுதி, உடனே வி0: ஓட்டுங்கள்.

"00 வந்தது, ஆனால் பிறகு படிக்க முடியவில்லை"

20, 21, 23, 27 எல்லாம் படிப்புப் பிழைகள். 23 என்றால் அந்தச் செக்டரின் எழுத்தே கெட்டிருக்கிறது. 20, 21, 27 என்றால் செக்டரின் தலைப்பையே டிரைவால் பிடிக்க முடியவில்லை. டிஸ்கை எடுத்து மறுபடி வைத்து, ஐ0: அனுப்பி முயலுங்கள். டிரைவ் பத்து நிமிடம் சூடான பிறகும், முழுதாக ஆறிய பிறகும் ஒவ்வொரு முறை பாருங்கள். மின்மாற்றி டிரைவின் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் சூடு ஏறும்போது நடத்தை மாறும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் டிரைவின் படிக்கும் தலையைத் துடையுங்கள்.

நம்மூர் ஈரக்காற்றில் கிடந்த டிஸ்க் என்றால் உறையின் நீள்வட்டத் துளை வழியே வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அப்படியே டிரைவில் போட்டால் தலை அழுக்காகி அடுத்த டிஸ்கையும் கீறும்.

உங்கள் டிரைவில் எல்லாம் திறக்கிறது, நண்பரின் டிரைவில் ஒன்றும் திறக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்றின் தலை இடம் மாறியிருக்கிறது. 1541-இல் முதல் டிராக்கை உணரும் சென்சார் கிடையாது. தலையைப் பின்னுக்குத் தள்ளித் தடுப்பில் மோதவிட்டுத்தான் இடம் கண்டுபிடிக்கிறது; அந்த "டக டக" சத்தம் அதுதான். மோதி மோதித் தலை கொஞ்சம் நகர்ந்துவிடும். கடையில் வாங்கிய ஒரு மென்பொருள் டிஸ்கை இரண்டிலும் போட்டுப் பார்த்தால் எந்த டிரைவ் விலகியது என்று தெரியும். விலகியது உங்களுடையது என்றால், சரிசெய்யும் முன் உங்கள் கோப்புகளை வேறு டிரைவுக்கோ எஸ்டி அட்டைக் கருவிக்கோ நகலெடுத்துவிடுங்கள். விலகிய தலை எழுதியதை விலகிய தலைதான் நன்றாகப் படிக்கும், நேராக்கிய பின் உங்கள் பழைய டிஸ்குகள் உங்களுக்கே திறக்காது. டிரைவின் சி0: கட்டளை ஒரே டிஸ்குக்குள் மட்டுமே நகலெடுக்கும், எட்டாம் எண் டிரைவிலிருந்து ஒன்பதாம் எண்ணுக்குப் போக நகலெடுக்கும் நிரல் வேண்டும்.

"டிவைஸ் நாட் பிரசன்ட்"

கணினிக்கு டிரைவே தெரியவில்லை. மின்சாரம், ஆறு முனை சீரியல் கம்பி, டிரைவின் எண் என்ற வரிசையில் பாருங்கள். எடிட்டரில் எழுத்து இருக்கும்போது கம்பியை இரு முனையும் போட்டபடியே அழுத்தி மட்டும் பாருங்கள், கழற்றிச் செருகினால் கணினியின் இடைமுகச் சிப்பே போகலாம். டிரைவை மட்டும் அணைத்துப் போடலாம், எழுத்துக்கு ஆபத்தில்லை. டிஸ்கை மட்டும் அதற்கு முன் வெளியே எடுத்துவிடுங்கள். அணைக்கும், போடும் கணத்தில் தலையில் ஓடும் சிறு மின்துடிப்பு, அதன் கீழ் இருக்கும் டிராக்கைக் கெடுத்துவிடக்கூடும், அந்த டிராக் பெரும்பாலும் டைரக்டரி இருக்கும் 18-ஆகவே இருக்கும்.